சாயப்பட்டறை ஈக்வலைசேஷன் டேங்க்: மூடி வாயில் மீட்டர் பூஜ்யம் காட்டினால் ஆளை இறக்கலாமா?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் சேஃப்டி பொறுப்பு என்னுடையது. ஈடிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சாயக் கழிவுநீர் எல்லாம் வந்து சேர்ந்து கலக்கும் ஈக்வலைசேஷன் டேங்கைச் சுத்தம் செய்து, அடியில் இருந்து காற்றுக் குமிழி விடும் டிஃப்யூசர்களை மாற்ற வேண்டும். டிஃப்யூசர் அடைத்துக்கொண்டதால் ஒரு மாதமாக டேங்குக்குள் காற்று சரியாகப் போகவில்லை.

டேங்க் அளவு: 20 அடி நீளம், 15 அடி அகலம், 15 அடி ஆழம். மேலே முழுக்க கான்கிரீட் மூடி. இரண்டு மேன்ஹோல், ஒவ்வொன்றும் 2 அடிக்கு 2 அடி, இரண்டும் ஒரே பக்கச் சுவரை ஒட்டி இருக்கின்றன. தண்ணீரைப் பம்ப் பண்ணி எடுத்த பிறகு அடியில் ஒன்றரை அடிக்குக் கறுப்புச் சேறு நிற்கிறது.

ஆக்ஸிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் அளக்கும் நால்வாயு மீட்டர் இருக்கிறது. மேன்ஹோல் வாயில் பிடித்துப் பார்த்தால் ஆக்ஸிஜன் 20.6, மற்ற மூன்றும் பூஜ்யம். காண்டிராக்டர் தரப்பில் சொல்வது: "ரெண்டு மூடியையும் ராத்திரி முழுக்கத் திறந்து போட்டுடுவோம். காலையில ஒரு விளக்கைக் கயித்துல கட்டி இறக்கிப் பாப்போம், அணையலைன்னா நாலு பேரு இறங்கிடுவாங்க. வேணும்னா கம்ப்ரசர் ஹோஸைப் போட்டு விட்டுக்கலாம்." ஞாயிறு ஒரே நாளில் வேலை முடிய வேண்டும் என்று மேலிடத்திலும் நெருக்குகிறார்கள்.

கேள்விகள்: இந்த ரீடிங்கை நம்பலாமா? புளோயர் எவ்வளவு பெரிதாக வேண்டும்? கெமிக்கல் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போதுமா? வேறு எதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்?

பிஎச்_ஏழு

முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

நம்ப முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு இன்னும் சேற்றுக்குள்தான் இருக்கிறது. மண்வெட்டி இறங்கும்போதுதான் அது வெளியே வரும். மேன்ஹோல் வாயில் எடுத்த ரீடிங், யாரும் தொடாத டேங்கின் மேல்காற்றைப் பற்றிச் சொல்கிறது. வேலை நடக்கும்போது ஆள் மூக்கருகே என்ன இருக்கும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது? நாம் போடும் உப்பிலிருந்து. ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போகிறது. குளோபர் சால்ட் போடும் பட்டறையென்றால் அது சோடியம் சல்பேட். காற்று இல்லாத சேற்றில் சல்பேட்டைத் தின்று வாழும் பாக்டீரியா உண்டு. கூடவே ஸ்டார்ச், சோப்பு, அசிட்டிக் ஆசிட் என்று அதற்குச் சாப்பாடும் நாமே அனுப்புகிறோம்; தண்ணீரும் வெதுவெதுப்பாக வருகிறது. காற்று நின்று ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். சல்பேட் சல்பைடாக மாற அது தாராளமான காலம். சேறு கறுப்பாக இருப்பதே ஒரு அடையாளம்: இரும்பும் சல்பைடும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும்.

இனி கணக்கு. உங்கள் டேங்க் 4,500 கன அடி, ஏறக்குறைய 127 கன மீட்டர். அது முழுவதையும் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) ஹைட்ரஜன் சல்பைடுக்குக் கொண்டுபோக எவ்வளவு வாயு வேண்டும்? 12.7 லிட்டர். எடையில் சுமார் 18 கிராம். மூன்று தேக்கரண்டி உப்பின் எடைதான். அடியில் நிற்கும் சேறு 450 கன அடி, அதாவது 12,700 லிட்டருக்கு மேல். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் கூட வெளியேற வேண்டியதில்லை, அந்த 18 கிராம் வந்துவிடும். அதுவும் டேங்க் முழுக்கச் சமமாகப் பரவாது. சேற்றைக் கிளறுபவன் குனிந்து நிற்கும் இடத்தில்தான் முதலில் திரளும். காற்றை 1 என்று வைத்தால் இதன் அடர்த்தி 1.19, தாழ்வாகவே தங்கும்.

100 பிபிஎம் என்ன செய்யும்? கண் எரியும், இருமல் வரும். 2 முதல் 15 நிமிடத்துக்குள் மூக்கு வாசனையை இழக்கும். அழுகின முட்டை நாற்றம் போய்விட்டதே, காற்று சுத்தமாகிவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். 500-700 என்றால் ஐந்து நிமிடத்துக்குள் தள்ளாடி விழுவார். 700-1,000க்குப் போனால் ஒன்றிரண்டு மூச்சிலேயே சாய்ந்துவிடுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் 8 மணி நேரச் சராசரிக்கு 10 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 15 பிபிஎம் என்றுதான் வரம்பு வைத்திருந்தார்கள்.

இன்னொன்று, இதைப் பல பட்டறைகளில் யோசிப்பதே இல்லை: ஆசிட். பிஎச் 7ல் சல்பைடில் பாதி வாயு வடிவில் இருக்கும், பாதி தண்ணீரில் கரைந்த அயனியாக இருக்கும். பிஎச் 9ல் கிட்டத்தட்ட எல்லாமே கரைந்து அடங்கியிருக்கும். பிஎச் 6க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு வாயு. ஆகவே உள்ளே ஆள் இருக்கும்போது நியூட்ரலைசேஷன் டோசிங் பம்ப் ஓடினாலோ, ஆசிட் கேனைக் கழுவின தண்ணீர் அந்த டேங்குக்கு வந்தாலோ, ஐந்து நிமிடத்துக்கு முன் எடுத்த ரீடிங் செல்லாக்காசு. அந்தக் கறுப்புச் சேற்றில் ஆசிட் பட்டால் அடங்கியிருந்த சல்பைடும் வெளியே வரும். சல்ஃபர் பிளாக் சாயம் போடும் பட்டறை என்றால் சோடியம் சல்பைடு நேராகவே டிரெயினில் வருகிறது, பாக்டீரியாவுக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) கரைசலில் ஆசிட் கலந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு வரும். உங்கள் நால்வாயு மீட்டரில் அதற்கு சென்சாரே கிடையாது.

விளக்கு இறக்கும் விஷயம்: ஆக்ஸிஜன் 16-17க்குக் கீழே போனால்தான் சுடர் அணையும். ஹைட்ரஜன் சல்பைடு 1,000 பிபிஎம் இருந்தாலும் விளக்கு ஜம்மென்று எரியும். மீத்தேன் 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் அதே விளக்கு டேங்கை வெடிக்க வைக்கும். அதை முதலில் நிறுத்துங்கள்.

மீட்டர்_மாணிக்கம்

ஆக்ஸிஜன் 20.6 என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிக்காற்றில் அதே மீட்டர் என்ன காட்டியது? 20.9 காட்டியிருந்தால் அந்த 0.3ஐ லேசாக விடாதீர்கள். காற்றில் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். அது 0.3 சதவீதம் குறைய வேண்டுமானால் வேறொரு வாயு ஏறக்குறைய ஒன்றரை சதவீதம், அதாவது 15,000 பிபிஎம், உள்ளே வந்து இடம் பிடித்திருக்கலாம். அது நீராவியாக இருக்கலாம், கார்பன் டை ஆக்சைடாக இருக்கலாம். இல்லை, பாக்டீரியா ஆக்ஸிஜனையே உறிஞ்சியிருக்கலாம். 19.5க்கு மேல் இருப்பதால் பாஸ் என்று டிக் போட்டுவிட்டுப் போவது சரியல்ல. ஏன் குறைந்தது என்று கேட்டாக வேண்டும்.

மீட்டரைப் பயன்படுத்தும் விதம்:

மேன்ஹோல் பக்கத்தில் வைத்து ஆன் பண்ணாதீர்கள். பல மாடல்கள் ஆன் ஆகும்போது சுற்றியிருக்கும் காற்றையே சுத்தக்காற்று என்று எடுத்து பூஜ்யம் பிடிக்கும். அழுக்குக் காற்றில் பூஜ்யம் பிடித்தால் அப்புறம் எல்லா ரீடிங்கும் குறைவாகவே வரும். ஈடிபியை விட்டுத் தள்ளி, ஜெனரேட்டர் புகை வராத இடத்தில் ஆன் பண்ணுங்கள்.

அன்றைக்குக் காலையில் பம்ப் டெஸ்ட் (bump test), அதாவது அளவு தெரிந்த வாயுவைக் காட்டி மீட்டர் எழுகிறதா என்று பார்ப்பது. சிலிண்டரில் 25 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு, எல்இஎல்லில் (வாயு பற்றிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அளவு) 50 சதவீதம் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, 18 சதவீத ஆக்ஸிஜன் கலந்த வாயு கிடைக்கும். அதைக் காட்டினால் நான்கு சென்சாரும் எழுந்து அலாரம் அடிக்க வேண்டும். கேலிபரேஷன் ஸ்டிக்கரில் தேதி இருக்கிறது என்பது பம்ப் டெஸ்ட் ஆகாது. நேற்று கீழே விழுந்த மீட்டருக்கும் அதே ஸ்டிக்கர்தான். சிலிண்டரின் காலாவதித் தேதியையும் பாருங்கள், அதில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு நாளாக நாளாகக் குறையும்.

மூடியைத் திறப்பதற்கு முன்பே ஓரத்துச் சந்தில் டியூபை விட்டுப் பாருங்கள். பிறகு பம்ப் வைத்த மீட்டரால் மேலிருந்து அடி வரை நான்கு அடிக்கு ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முழுசாக இரண்டு நிமிடம். டியூபில் காற்று மேலே வர நேரம் எடுக்கும், சென்சார் ஏறவும் நேரம் எடுக்கும். பத்து விநாடியில் "ஜீரோ சார்" என்று கத்தினால் அது டியூபுக்குள் ஏற்கெனவே இருந்த காற்றின் ரீடிங். டியூப் நுனியில் தண்ணீர் தடுக்கும் ஃபில்டர் இல்லாமல் சேற்றுக்கு அருகே விடாதீர்கள், ஒரு உறிஞ்சலில் பம்ப் காலி.

வரிசை: முதலில் ஆக்ஸிஜன், அடுத்து எல்இஎல், அப்புறம் விஷவாயு. காரணம், பெரும்பாலான மீட்டர்களில் எல்இஎல் சென்சார் வாயுவை உள்ளே எரித்துத்தான் அளக்கிறது. எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். ஆக்ஸிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எல்இஎல் குறைவாகவோ பூஜ்யமாகவோ காட்டும். டேங்க் முழுக்க மீத்தேன் நிறைந்திருந்தாலும் "பூஜ்யம்" வரும். சிலிக்கோன் ஸ்ப்ரே பட்ட எல்இஎல் சென்சாரும் அப்படித்தான் ஊமையாகிவிடும். துணிக்குச் சிலிக்கோன் சாஃப்ட்னர் போடும் இடத்தில் மீட்டரை வைக்காதீர்கள்.

கடைசியாக, சேற்றைக் கிளறிப் பார்த்து எடுக்கும் ரீடிங். மேலே நின்றபடியே நீளமான குழாயாலோ வாட்டர் ஜெட்டாலோ சேற்றைப் பத்து நிமிடம் நன்றாகக் கலக்குங்கள், டியூப் நுனி சேற்றுக்கு ஒரு அடி மேலே இருக்கட்டும். அப்போது வரும் எண்தான் உங்களுக்கு வேண்டிய எண். கலக்கும்போது மேன்ஹோலை ஒட்டி யாரும் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது.

நொய்யல்கரை

நன்றி. வெளிக்காற்றில் 20.9தான் காட்டியது. ஆன் பண்ணினது ஈடிபி பேனல் ரூமில். பம்ப் டெஸ்ட் சிலிண்டர் எங்களிடம் இல்லை, வருடத்துக்கு ஒருமுறை வெளியே கேலிபரேஷனுக்கு அனுப்புவதோடு சரி. புளோயர் பற்றி யாராவது சொல்லுங்கள். கடையில் 1,500 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 1,500 கன அடி காற்று) என்று ஒன்று காட்டுகிறார்கள்.

டக்ட்_திருகாணி

மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 4,500 கன அடிக்குக் கணக்குப்படி சரியாக 1,500 சிஎஃப்எம்தான். ஆனால் பெட்டியில் எழுதியிருப்பது டக்ட் மாட்டாமல் ஓடும்போது வரும் அளவு. 25 அடி ஃப்ளெக்சிபிள் டக்ட் மாட்டி இரண்டு இடத்தில் மடக்கினால் அதில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு குறைவது சாதாரணம். 2,000-2,500 உள்ளதாக எடுங்கள், டக்டை முடிந்தவரை நேராக விடுங்கள். ஆள் இறங்குவதற்கு முன் குறைந்தது அரை மணி ஓட வேண்டும். இறங்கினபின் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே இருப்பவர் உடனே வெளியே.

உங்கள் டேங்கில் உண்மையான சிக்கல் மேன்ஹோல் இரண்டும் ஒரே பக்கம் இருப்பது. டக்டை மேன்ஹோலுக்குள் மூன்று அடி மட்டும் விட்டுவிட்டால் காற்று உள்ளே போய் யூ டர்ன் அடித்துப் பக்கத்து மேன்ஹோல் வழியாக வெளியே வந்துவிடும். எதிர்ப்பக்கச் சுவரின் இரண்டு மூலையும் அப்படியே செத்த காற்றாக நிற்கும். டக்ட் நுனியைச் சேற்றுக்கு ஒன்றரை அடி மேலே வரை இறக்கி, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கட்டுங்கள். ரீடிங்கையும் அந்த இரண்டு மூலையில் எடுங்கள், நீளமான பைப்பில் டியூபைக் கட்டி நீட்டினால் போதும்.

ஒரு மேன்ஹோல் டக்டுக்கு, மற்றது ஆளுக்கு. ஆள் ஏறி இறங்கும் வழியில் டக்ட், பம்ப் ஹோஸ், வயர் எதுவும் கிடக்கக் கூடாது. 2 அடி சதுரத்தில் 12 அங்குல டக்டும் ஹோஸும் தொங்கினால் மயங்கினவரை மேலே இழுக்கவே முடியாது.

புளோயர் எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் டீசல் ஜெனரேட்டரோ, போக்குவரத்து லாரியோ, ஆசிட் ஸ்டோரேஜோ இருந்தால் அந்தக் காற்றைத்தான் உள்ளே அனுப்புவீர்கள். மீத்தேன் இருக்கக்கூடிய டேங்க், ஆகவே ஃப்ளேம்ப்ரூஃப் மோட்டார், எர்த் செய்த டக்ட்.

கம்ப்ரசர் ஹோஸ் விஷயத்தை விட்டுவிடுங்கள். பட்டறைக் கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் ஆவி இருக்கும், சூடேறினால் கார்பன் மோனாக்சைடும் வரும். அளவும் புளோயருக்குப் பக்கத்தில் வராது. ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து உள்ளே விடும் வழக்கமும் சில இடத்தில் உண்டு. ஆக்ஸிஜன் 23.5க்கு மேல் போனால் சட்டைத் துணியே பற்றிக்கொள்ளும்.

பிஎச்_ஏழு

மேலே சொன்னதோடு சேர்த்து: புளோயர் என்பது கசிந்து வரும் வாயுவை நீர்க்கச் செய்யும். சேற்றிலிருந்து ஒரே மூச்சில் வெளியேறும் வாயுவை அது முந்திக்கொள்ளாது. ஆகவே "புளோயர் ஓடுது, மாஸ்க் வேண்டாம்" என்ற பேச்சு இந்தச் சேறு இருக்கும்வரை செல்லாது.

மேலே_நிற்பவன்

மாஸ்க் கேள்விக்கு: கார்ட்ரிட்ஜ் மாஸ்க் ஆக்ஸிஜனை உண்டாக்காது, இருக்கும் காற்றை வடிகட்டித்தான் தரும். ஆக்ஸிஜன் குறைவான இடத்திலும், ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் தொடக்கூடிய இடத்திலும் அதைப் போட்டு இறங்கக் கூடாது. சுத்தக்காற்றைச் சுமந்து போகும் கருவி வேண்டும்.

முதுகில் சிலிண்டர் சுமக்கும் எஸ்சிபிஏ என்றால் 6 லிட்டர், 300 பார் சிலிண்டரில் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 45 நிமிடம். சேறு அள்ளுபவர் அதைவிட அதிகம் இழுப்பார். காற்று தீரப்போகிறது என்று விசில் அடிப்பதற்குள் மேலே வர வேண்டும். ஆக, கைக்கு வருவது 20-25 நிமிட வேலைதான். சிலிண்டரோடு 2 அடி மேன்ஹோலில் நுழைவதும் சிரமம். அப்போது சிலர் முதுகிலிருந்து கழற்றிக் கயிற்றில் இறக்கிவிட்டு, உள்ளே போய் மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். அதைக் கண்டிப்பாகத் தடுங்கள். இந்த மாதிரி டேங்குக்கு வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் ஏர்லைன் மாஸ்க்கும், இடுப்பில் தப்பிக்கும் சிலிண்டர் ஒன்றும்தான் பொருத்தம்.

இறங்குபவருக்கு முழு உடல் ஹார்னெஸ், முதுகு டி ரிங்கில் கயிறு, மேலே முக்காலியும் வின்ச்சும். இடுப்பு பெல்ட் போதாது. மயங்கின உடம்பு இடுப்பில் மடங்கினால் 2 அடி துவாரத்தில் சிக்கும். ஒரு முக்காலிக்கு ஒரு ஆள். நான்கு பேரை ஒன்றாக இறக்குவதாகக் காண்டிராக்டர் சொல்கிறார், ஒரு வின்ச்சில் நான்கு பேரை எப்படி இழுப்பது? உள்ளே இருக்கும் ஆளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வேலை அல்ல, மீட்பு.

டேங்க் சுவரில் பதித்த இரும்புப் படியை நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு ஈரச்சுவரில் பட்டு சல்ஃப்யூரிக் ஆசிடாக மாறி மேல்பக்கக் கான்கிரீட்டையும் படியையும் அரிக்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே கம்பி பென்சில் கனம் ஆகியிருக்கும். தனியாக அலுமினிய ஏணி இறக்கி, மேலே கட்டுங்கள்.

மேலே ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. டீ வாங்கப் போவதும், வால்வு திருகப் போவதும் கிடையாது. அவர் கையில் ஹாரன், வாக்கி டாக்கி, உள்ளே போனவரின் பெயர், போன நேரம் எழுதின பலகை. என்ன நடந்தாலும் அவர் இறங்கக் கூடாது. இதை வெறும் சொல்லாக விடாமல் ஒருமுறை ஒத்திகை பார்த்துப் பழக்க வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986ல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூடிய இடச் சாவுகளில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று எழுதியிருக்கிறது. உள்ளே விழுந்து கிடப்பவர் தம்பியாகவோ மச்சானாகவோ இருப்பார், ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வேலைக்கு வந்தவர்களாக இருப்பார்கள். அப்போது கால் தானாக இறங்கும். அதனால்தான் மேலே நிற்பவராக உறவுக்காரரைப் போடாதீர்கள் என்கிறேன். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விதி, ஆனால் முக்கியமானது.

ஒருவரை வெளியே எடுத்துவிட்டால்: வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், அவர் நுரையீரலில் இருக்கும் வாயு உங்களுக்கு வரும். பை பொருத்திய மாஸ்க் வைத்திருங்கள். மூச்சில்லை என்றால் மார்பை அழுத்தத் தொடங்கிவிட்டு 108. ஆஸ்பத்திரியில் "மயங்கிட்டாரு" என்று மட்டும் சொல்லாமல் "ஹைட்ரஜன் சல்பைடு" என்று எழுதிக் கொடுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நுரையீரலில் நீர் கோப்பது மணிக்கணக்கு கழித்தும் வரும்.

பூட்டுச்சாவி

யாரும் இன்னும் சொல்லாதது: தண்ணீர் எங்கிருந்தெல்லாம் உள்ளே வரும்?

ஈக்வலைசேஷன் டேங்குக்கு சாய ஹாலிலிருந்து டிரெயின் சரிவில் தானாக இறங்கி வருகிறது. ஞாயிறு என்றாலும் ஏதாவது ஒரு சாஃப்ட் ஃப்ளோ சாயமேற்றும் மெஷினில் ஒரு லாட் மிச்சம் ஓடிக்கொண்டிருக்கும். அது டிரெயின் ஆனால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் டேங்குக்குள் கொட்டும். வால்வை மூடினேன் என்பது போதாது. ஃபிளேஞ்சைக் கழற்றிக் குருட்டுத் தகடு போட வேண்டும். திறந்த கால்வாய் என்றால் ஷட்டரை இறக்கி, மணல் மூட்டை வைத்து, தண்ணீரை வேறு டேங்குக்குத் திருப்ப வேண்டும். ஃபில்டர் பிரஸ் கழிவுநீர், சேண்ட் ஃபில்டர் பேக்வாஷ், ஆர்ஓ கழுவும் தண்ணீர் என்று இந்த டேங்குக்குத் திரும்பி வரும் லைன்கள் வரைபடத்தில் இல்லாமலும் இருக்கும். நேரில் நடந்து ஒவ்வொரு குழாயையும் தொட்டு எண்ணுங்கள். ஆர்ஓ கழுவுவதில் ஆசிட் உண்டு என்பதையும், பிஎச்_ஏழு சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆசிட் டோசிங் பம்ப், மிக்சர் மோட்டார், டிரான்ஸ்ஃபர் பம்ப் மூன்றுக்கும் பேனலில் பூட்டு. உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு, சாவி அவரவர் பையில். "போர்டு மாட்டியிருக்கோம்" என்பதை இரவு ஷிஃப்ட் ஆள் படிக்கமாட்டார். அவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம்.

உள்ளே விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது, 2025 நவம்பர் வரை இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஏ பிரிவே அப்படிச் சொன்னது. சேறு எடுக்கும் சப்மெர்சிபிள் பம்ப் மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி வழியாக வர வேண்டும். பம்ப் ஓடும்போது ஆள் தண்ணீரில் நிற்கக் கூடாது.

உள்ளே_இறங்காதே

எல்லோரும் எப்படி இறங்குவது என்று நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கேட்பது, ஏன் இறங்க வேண்டும்?

சேறு எடுக்க ஆள் தேவையில்லை. மேலிருந்து வாட்டர் ஜெட்டால் அடித்துக் கரைத்து, ஸ்லரி பம்பைச் சங்கிலியில் இறக்கி, ஸ்லட்ஜ் டேங்குக்கோ நேராக ஃபில்டர் பிரஸ்ஸுக்கோ தள்ளலாம். 12,700 லிட்டர் சேறு. மூன்று மடங்கு தண்ணீர் கலந்தாலும் 50,000 லிட்டர் சொச்சம். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்புக்கு ஐந்தாறு மணி நேர வேலை. ஜெட்டுக்கு ஆர்ஓ பெர்மியேட் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம், எப்படியும் அது மறுபடி ஈடிபிக்குத்தான் வரும்.

தண்ணீர் கலக்கும்முன் சேற்றின் பிஎச் பாருங்கள். தேவைப்பட்டால் நீர்த்த சுண்ணாம்பு போட்டு 9க்கு மேல் வைத்துக்கொண்டால் வாயு அடங்கியிருக்கும். ப்ளீச்சிங்குக்கு வைத்திருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சல்பைடை அழிக்கும்: நடுநிலை பிஎச்சில் ஒரு கிலோ சல்பைடுக்குக் கணக்குப்படி ஒரு கிலோ சுத்தப் பெராக்சைடு, அதாவது 50 சதவீதக் கேன் என்றால் இரண்டு கிலோ. ஆனால் காரத்தன்மை ஏறினால் அதே வேலைக்கு நான்கு மடங்குக்கு மேல் தேவைப்படும். ஆகவே சுண்ணாம்பும் பெராக்சைடும் ஒன்றாக வேண்டாம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெராக்சைடு சேற்றில் பட்டால் நுரைத்துப் பொங்கும், சூடாகும். ஆள் இல்லாதபோது, நீர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக.

டிஃப்யூசர் மாற்றத்தான் ஆள் வேண்டும் என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. அடியில் போல்ட் போட்டு இறுக்கும் கிரிட்டுக்குப் பதிலாக, தூக்கி எடுக்கும் வகை டிஃப்யூசர் போடுங்கள். கனம் கொடுத்த சட்டத்தில் மெம்பிரேன் மாட்டி மேலிருந்து கயிற்றில் இறக்குவார்கள், அடைத்தால் இழுத்து மேலே வைத்துக் கழுவலாம். பழைய கிரிட்டைக் கழற்ற இந்த ஒரு தடவை மட்டும் யாராவது இறங்க வேண்டியிருக்கும். அதுவும் டேங்க் கழுவிச் சேறே இல்லாத நிலையில். சேற்றோடு இறங்குவதும் கழுவின டேங்கில் இறங்குவதும் ஒன்றல்ல. கூடவே அந்தக் கான்கிரீட் மூடியில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு எஃப்ஆர்பி கிரேட்டிங் (காற்று போகும் ஃபைபர் பிளாஸ்டிக் சட்டத் தட்டு) போட முடியுமா என்று சிவில் ஆளைக் கேளுங்கள். எதிர்ப்பக்க மூலைகளுக்கு அப்போதுதான் காற்று போகும்.

மேலிடத்தில் பேசச் சட்டமும் கையில் இருக்கட்டும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, 36ஆம் பிரிவு சொன்னது: தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து, வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, வெளியே நிற்பவர் பிடித்திருக்கும் கயிற்றோடு பெல்ட் கட்டியிருக்க வேண்டும். "காண்டிராக்டர் ஆளு" என்பதால் ஆலையின் பொறுப்பு கழியாது. செப்டிக் டேங்கையும் அதே கும்பல் அதே ஞாயிற்றுக்கிழமை "கையோட" சுத்தம் செய்வது வழக்கம். அது மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும். சாக்கடைச் சாவுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. ஒரு ஸ்லரி பம்பின் வாடகையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

நொய்யல்கரை

ஞாயிறு இறக்கும் திட்டத்தை நிறுத்திவிட்டோம். ஜெட் அடித்துப் பம்ப் பண்ணுவது என்று முடிவு. காண்டிராக்டர் இப்போது செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி கொண்டுவருகிறேன் என்கிறார், அது இன்னும் சுலபம் இல்லையா?

உள்ளே_இறங்காதே

வளாகத்துக்குள்ளேயே உறிஞ்சி உங்கள் ஸ்லட்ஜ் டேங்கில் கொட்டுவதென்றால் சரி. லாரி கேட்டைத் தாண்டக் கூடாது. ஈடிபி சேறு 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. அதை அந்த லாரிக்காரர் எங்கே கொட்டினாலும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் உங்களைத்தான் தேடி வரும்.

மீட்டர்_மாணிக்கம்

லாரி வந்தால் ஒன்று கவனியுங்கள். வாக்குவம் பம்ப் டேங்கருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி அதன் எக்சாஸ்ட் வழியாக வெளியே விடுகிறது. சேற்றிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு அந்த எக்சாஸ்டில்தான் வரும், அதுவும் டிரைவர் நிற்கும் பக்கம், இடுப்பு உயரத்தில். எக்சாஸ்ட் வாயில் ஹோஸ் மாட்டி, காற்று போகும் திசையில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் உயரமாகக் கட்டிவிடச் சொல்லுங்கள். லாரி ஹெல்ப்பர் சட்டையில் ஒரு ஒற்றை வாயு மீட்டர் மாட்டுங்கள், 10 பிபிஎம்மில் அலாரம். அடித்தால் பம்பை நிறுத்திவிட்டுக் காற்றுக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். டேங்கர் மேல்மூடியைத் திறந்து எவ்வளவு நிறைந்தது என்று எட்டிப் பார்ப்பார்கள், அதையும் விடாதீர்கள். அளவு பார்க்கத்தான் பின்பக்கம் கண்ணாடி இருக்கிறது.

நொய்யல்கரை

சரிங்க. பம்ப் டெஸ்ட் சிலிண்டருக்கு இன்றைக்கே ஆர்டர் போட்டாச்சு. குழாய்களை நடந்து எண்ணினதில் வரைபடத்தில் இல்லாத லைன் இரண்டு கிடைத்தது, ஒன்று லேப் சிங்க்கிலிருந்து வருகிறது.

பூட்டுச்சாவி

லேபில் ஆசிட் பாட்டில் கழுவுவார்களே. அந்த சிங்க் குழாயையும் பூட்டுங்கள்.